பயறுக் குடும்பத்தில் யாருக்கு யார் சொந்தம்? மாடியில் வளர்த்துப் பார்த்த பதிவு

மளிகைக் கடையில் பயறு வகைகளை நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான் பிரித்து வைத்திருப்பார்கள். சமையலுக்கு அது போதும். ஆனால் எந்தப் பயறு எதற்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துகொள்ள நினைத்தால், அந்த இரண்டும் நம்மைத் தப்பான வழியில் கொண்டுபோய் விட்டுவிடும். ஏனென்றால் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து மாற்றியதே அவற்றைத்தான். விதை பெரிதாக வேண்டும், காய் நீளமாக வேண்டும், இந்த நிறம் பிடிக்கும், அந்த நிறம் விற்கும் என்று பார்த்துப் பார்த்து மாற்றிவிட்டோம். அதே செடியில் யாரும் கவனித்துப் பொறுக்காத சில உறுப்புகள் இருக்கின்றன. விதைத்தழும்பின் (விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தில் இருக்கும் தடம்) விளிம்பு, முளையின் முதல் இலைக்குக் காம்பு இருக்கிறதா என்பது, இலையடிச் செதில் தண்டில் ஒட்டியிருக்கும் விதம், பூவுக்குள் மறைந்திருக்கும் படகிதழ். சொந்தம் தெரிவது அங்கேதான்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கண்ணால் பார்ப்பது வேறொன்று. அதனால் எட்டு வகைப் பயறுகளை விதைத்து, முளையிலிருந்து காய் வரை ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். செலவு அதிகமில்லை. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், புது பிளேடு, இரண்டு ஊசி, ஒரு வெள்ளைத் தட்டு, மணல் போட்ட ட்ரே, கொஞ்சம் வளர்ப்புப் பைகள். மாடியில் நல்ல வெயில் இருந்தால் போதும்.

விதை சேர்ப்பது சுலபமாகவே முடிந்தது. உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு மூன்றும் விதைக்கடையில் வாங்கினேன். மட்கி என்ற சின்னப் பழுப்புப் பயறு, வடநாட்டுச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. ஆசிய மலைப்பகுதிகளில் விளையும் ரைஸ் பீன், ஜப்பானில் அதிகம் சமைக்கும் சிவப்புப் பயறான அட்சுகி இரண்டையும் ஆன்லைனில் வரவழைத்தேன். ராஜ்மா சமையலறை டப்பாவிலேயே இருந்தது. நரிப்பயறு பெரியப்பா ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது. டெல்டாவில் நெல் அறுத்த வயலில் தீவனத்துக்கும் பசுந்தாள் உரத்துக்கும் விதைப்பார்களே, அதுதான். சில இடங்களில் மட்கியையும் நரிப்பயறு என்றே சொல்வதால் இரண்டையும் தனித்தனிப் பையில் போட்டு எண் ஒட்டி வைத்தேன். பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது இந்த வேலையில் மிகவும் முக்கியம்.

அந்தப் பொட்டலத்தோடு பெரியப்பா இன்னொரு சின்னப் பையும் அனுப்பியிருந்தார். மங்கலான பச்சை நிறத்தில் விதைகள், அங்கங்கே கறுப்பும் கலந்திருந்தது. "இது பயறா உளுந்தான்னு நீயே பார்த்துச் சொல்லுப்பா. நாங்க பயறுன்னு நெனச்சு வெதச்சோம், செடி வேற மாதிரி நிக்குது" என்று போனில் சொன்னார். அதற்கு ஒன்பதாம் எண் கொடுத்தேன்.

முதலில் விதை. தட்டில் பரப்பி, தழும்பு மேலே தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து லென்ஸில் பார்க்க வேண்டும். உளுந்தின் தழும்பு வெள்ளையாக, நடுவில் குழிந்து, சுற்றிலும் வரப்பு கட்டியது போல விளிம்பு எழும்பி நிற்கிறது. நகநுனியால் தடவினாலே தட்டுப்படும். பச்சைப்பயறில் அந்த விளிம்பே இல்லை. தழும்பு விதையின் தோலோடு சமமாகப் படிந்திருக்கிறது. விதையின் உருவமும் உதவும்: உளுந்து சற்று நீண்டு, இரண்டு முனையும் வெட்டிவிட்டது போல மட்டமாக இருக்கும், பச்சைப்பயறு உருண்டை. ஆனால் உருவத்தை விடத் தழும்பைத்தான் நம்பலாம்.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இந்த இரண்டுமே நல்ல சாட்சி. கறுப்பு விதை கொண்ட பச்சைப்பயறு ரகங்கள் உண்டு. பச்சை விதை கொண்ட உளுந்து ரகங்களும் உண்டு. பளபளப்பையும் நம்ப வேண்டாம். பச்சைப்பயறில் சில ரகங்கள் மின்னும், சில மங்கலாக இருக்கும். அந்த மங்கலுக்குக் காரணம் விதைத்தோல் அல்ல. காயின் உட்புறப் படலம் விதைமேல் ஒட்டிக் காய்ந்து விடுவதுதான். லென்ஸில் பார்த்தால் மெல்லிய வரிவரியான பின்னலாகத் தெரிகிறது. ஒரே இனத்துக்குள் இப்படி இரண்டு விதமும் வருவதால், இனம் பிரிக்க அது பயன்படாது.

அட்சுகியையும் சிவப்புத் தட்டைப்பயறையும் அருகருகே வைத்தால் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அட்சுகியின் தழும்பு ஒடுங்கி நீண்ட வெள்ளைக் கோடு. தட்டைப்பயறில் தழும்பு குட்டை, பெரும்பாலும் அதைச் சுற்றிக் கருமையான வளையம் இருக்கும். ரைஸ் பீனை லென்ஸில் பார்த்தபோதுதான் சுவாரசியம் கூடியது. அதன் தழும்பிலும் தடித்த விளிம்பு எழும்பி நிற்கிறது, உளுந்து மாதிரியே. அப்படியானால் ரைஸ் பீன் உளுந்துக்குச் சொந்தமா? நோட்டில் இதை ஒரு கேள்விக்குறியோடு எழுதி வைத்தேன். பதில் முளையில் கிடைத்தது.

முளைக்க வைப்பதில்தான் இந்தச் செய்முறையின் உயிர் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் இந்தப் பகுதியை மட்டும் செய்தாலே போதும், ஒரு வாரம் பத்து நாளில் முடிவு தெரிந்துவிடும். ராத்திரி விதைகளை ஊறவைத்து, காலையில் ஈர மணலில் ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றினேன். நரிப்பயறின் தோல் கெட்டியாக இருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் அதை மட்டும் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு ஊறவைத்தேன். ஆழம் குறையக் கூடாது. மேலாகத் தூவினால் எல்லா விதையும் வெளியே கிடந்து முளைக்கும், அப்புறம் விதையிலை (விதைக்குள் இருக்கும் இரண்டு பருப்புப் பாதிகள்) மேலே வந்ததா கீழேயே நின்றதா என்று சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் இருக்க, ஒவ்வொரு வகையிலும் சில விதைகளை ஈரத் துணியில் சுருட்டியும் வைத்தேன். துணியைப் பிரித்துப் பார்க்கும்போது ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: தண்டு நீள்வது விதையிலைக்குக் கீழேயா, மேலேயா? கீழே நீண்டால் விதையிலை மண்ணுக்கு மேலே வரும், மேலே நீண்டால் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.

உளுந்து, பச்சைப்பயறு, மட்கி, நரிப்பயறு, தட்டைப்பயறு, ராஜ்மா ஆறும் விதையிலைகளை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தன. முளை முதலில் கழுத்து வளைந்து மணலைப் பிளக்கும், பிறகு நிமிரும், இரண்டு விதையிலைகளும் பிரியும். ரைஸ் பீனும் அட்சுகியும் அப்படி வரவே இல்லை. விதையிலைகள் மணலுக்குள்ளேயே தங்கிவிட்டன. மேலே வந்தது மடிந்த இலைகளோடு பச்சைத் தண்டு மட்டும். மணலை ஊசியால் விலக்கினால் தோல் கழன்ற விதை அப்படியே அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதன் பக்கத்திலிருந்து தண்டு கிளம்பியிருக்கிறது.

அடுத்து, எதிரெதிராக வரும் முதல் ஜோடி இலை. நான் விதைத்த பயறு வகைகளில் இந்த முதல் ஜோடி தனி இலையாக இருக்கும். மூன்று சிற்றிலை கொண்ட இலைகள் அதற்குப் பிறகுதான் வரும். உளுந்திலும் பச்சைப்பயறிலும் இந்த முதல் இலைக்குக் காம்பே கிடையாது. ஒடுங்கிய இலை நேராகத் தண்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. லென்ஸ்கூடத் தேவையில்லை. மட்கியிலும் நரிப்பயறிலும் தெளிவாகக் காம்பு இருக்கிறது. ரைஸ் பீன், அட்சுகி இரண்டிலும் காம்பு உண்டு.

இந்த இரண்டு கேள்விகளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். மேலே முளைத்து, காம்பில்லாமல் வருபவை உளுந்தும் பச்சைப்பயறும். மேலே முளைத்து, காம்போடு வருபவை மட்கியும் நரிப்பயறும். மண்ணுக்குள் தங்கி, காம்போடு வருபவை ரைஸ் பீனும் அட்சுகியும். மஞ்சள் பூ பூக்கும் ஆசியப் பயறுகளை ஜப்பானிய ஆய்வாளர் டோமூகாவும் அவருடைய கூட்டாளிகளும் 2002-ல் மூன்று பிரிவாகப் பிரித்தபோது, இந்த முளைப் பண்புகள்தான் முக்கியமான அடையாளங்களில் அடங்கின. பிளாஸ்டிக் ட்ரேயில் அதே மூன்று கூட்டமும் தானாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முளைக்கும் விதத்தை எல்லாப் பயறு வகைகளுக்கும் பொது அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துவரையும் கொண்டைக்கடலையும் பட்டாணியும்கூட விதையிலையை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்பவைதான், அதனால் அவை அட்சுகிக்கு நெருங்கிய சொந்தம் ஆகிவிடாது. ராஜ்மாவின் பேரினத்திலேயே (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம்தான் பேரினம்), சிவப்புப் பூ பூக்கும் ரன்னர் பீன்ஸ் மண்ணுக்குள் தங்கும், ராஜ்மா மேலே வரும். ஒரு பண்பு எந்த வட்டத்துக்குள் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆசியப் பயறுகள் என்ற வட்டத்துக்குள் இது நன்றாகப் பேசுகிறது.

அந்த வட்டத்தை எப்படி வரைவது? அதற்குத்தான் இலையடிச் செதில். செடி கொஞ்சம் வளர்ந்து, மூன்று சிற்றிலை வர ஆரம்பித்ததும், இலைக்காம்பு தண்டைத் தொடும் கணுவில் இரண்டு பக்கமும் சின்னச் செதில்கள் இருக்கும். முற்றிய கணுவில் காய்ந்துபோயிருக்கும், இளங்கணுவில் பார்க்க வேண்டும். ஊசிமுனையைச் செதிலுக்கு அடியில் நுழைத்து மெல்ல நெம்பினேன். உளுந்தில் தொடங்கி அட்சுகி வரை ஆறு ஆசியப் பயறுகளிலும் செதில் நடுவில் ஒட்டியிருக்கிறது. மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தண்டை விட்டு விலகி நிற்கின்றன. தட்டைப்பயறில் செதிலின் அடிப்பகுதி ஒட்டும் இடத்தைத் தாண்டிக் கீழே முள்போல நீண்டிருக்கிறது. ராஜ்மாவில் இந்த நீட்சி இல்லவே இல்லை. செதிலின் அடி எங்கே முடிகிறதோ அங்கேயே ஒட்டியிருக்கிறது. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத உறுப்பு இது. யாரும் தின்பதில்லை, யாரும் விற்பதில்லை. பொய் சொல்ல அதற்குக் காரணமே இல்லை.

நரிப்பயறும் மட்கியும் இந்தக் கட்டத்தில்தான் கண்ணுக்கு வேறுபட்டன. நரிப்பயறின் சிற்றிலையில் மழுங்கலான மூன்று மடல்கள். மட்கியின் சிற்றிலை ஆழமாக வெட்டுப்பட்டு ஒடுங்கிய விரல்களாகப் பிரிந்திருக்கும். இரண்டும் தரையோடு படர்பவை.

ராஜ்மாவைத் தனியே பிரிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. இலையைப் பறித்துப் பருத்திச் சட்டையின்மேல் லேசாக அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். உளுந்து இலையிலும் மயிர் இருக்கிறது, சொரசொரப்பாகவும் இருக்கிறது, ஆனால் அப்படி ஒட்டாது. ராஜ்மா இலையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி மயிர்கள் இருப்பதுதான் காரணம். பால்கன் நாடுகளில் இந்த இலைகளை ராத்திரி கட்டிலைச் சுற்றிப் பரப்பி மூட்டைப்பூச்சி பிடித்தார்கள். கொக்கி மயிர் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்கிறது என்று 2013-ல் வந்த ஆய்வு காட்டியது.

பூ வரும் வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். உளுந்தும் பச்சைப்பயறும் ஐந்து வாரம் போல ஆனதும் பூத்துவிடும். ரைஸ் பீனுக்குப் பகல் பொழுது குறைய வேண்டும். அதனால் மழை ஓய்ந்து பனி தொடங்கும் பருவத்தில் விதைத்தது நல்லதாகப் போயிற்று. பூவை விடிந்ததும் பறித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் வாடி இதழ் ஒட்டிக்கொள்ளும்.

பூவைத் தட்டில் வைத்து, முதலில் பெரிய கொடியிதழை பிளேடால் அடியில் வெட்டி எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு சிறகிதழ்கள். மிஞ்சி நிற்பது படகிதழ், அதற்குள்தான் மகரந்தத் தாள்களும் சூல்தண்டும். தட்டைப்பயறின் படகிதழ் பெயருக்கேற்ற படகுதான். முறுக்கல் இல்லை, வேறு விசேஷமும் இல்லை. உளுந்தில் அது ஒரு பக்கமாக முறுக்கி, மூக்கு வளைந்து, இடப்பக்க இதழில் கொம்பு மாதிரி ஒரு பை துருத்திக்கொண்டு நிற்கிறது. பச்சைப்பயறிலும் அதே கொம்பு. அட்சுகியிலும், ரைஸ் பீனிலும், மட்கி, நரிப்பயறின் சின்னஞ்சிறு பூக்களிலும் அதே இடத்தில் அதே கொம்பு. ராஜ்மாவில் கொம்பு இல்லை. படகிதழ் ஒரு சுற்றுக்கு மேல் இறுக்கமாகச் சுருண்டிருக்கிறது. ஊசியால் பிரித்தால் உள்ளே சூல்தண்டும் அதே சுருளில் இருக்கிறது, நிமிர்த்திவிட்டால் மறுபடி சுருண்டுகொள்கிறது.

இந்தச் சுருளுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் பச்சைப்பயறை 1753-லும் உளுந்தை 1767-லும் ராஜ்மாவின் பேரினமான ஃபேசியோலஸில்தான் வைத்தார். 1824-ல் சாவி என்ற இத்தாலியத் தாவரவியலாளர், பீசா நகரத் தாவரவியலாளர் டொமினிகோ விக்னாவின் நினைவாக விக்னா என்ற பேரினத்தை உண்டாக்கினார். ஆனாலும் நம் பயறுகள் அங்கே போய்ச் சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பச்சைப்பயறு 1954-ல் விக்னா ரேடியேட்டா ஆனது, உளுந்து 1956-ல் விக்னா முங்கோ ஆனது, அட்சுகியும் ரைஸ் பீனும் 1969-ல் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு, லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஆய்வாளர் வெர்ட்கோர்ட், படகிதழ் இறுகச் சுருண்ட அமெரிக்க இனங்களுக்கு மட்டுமே ஃபேசியோலஸ் என்ற பேரினத்தை ஒதுக்கினார். தனித்தனிக் கண்டங்களில் வளர்ந்த இரண்டு கூட்டங்களை ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டிருந்த சிக்கல், பூவுக்குள் இருந்த அந்தச் சுருளைக் கவனித்ததும் அவிழ்ந்தது. பழைய வேளாண் புத்தகங்களில் பச்சைப்பயறை ஃபேசியோலஸ் ஆரியஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், அதே செடிதான்.

காயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளுந்துக் காய் குட்டை, 4 முதல் 6 சென்டிமீட்டர். நிமிர்ந்து நிற்கும், நீளமான அடர்ந்த மயிர் இருக்கும். பச்சைப்பயறின் காய் அதைவிட நீளம், மயிர் குட்டை, பக்கவாட்டில் விரிந்தோ தொங்கியோ இருக்கும். ரைஸ் பீன் காய் வழவழப்பு. வயலில் நின்று உளுந்தையும் பயறையும் பிரிக்க இதுதான் விரைவான வழி, விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காய் நீளம் ஏமாற்றும் இடம் தட்டைப்பயறு. பக்கத்து வீட்டு அக்கா மாடிக்கு வந்தபோது, அவர் தொட்டியிலிருந்த நீளப் பயத்தங்காயும் என் தட்டைப்பயறும் ஒரே இனம் என்று சொன்னேன். "என்னப்பா சொல்ற, ஒண்ணு என் கை நீளம், ஒண்ணு சாண்கூட இல்ல" என்றார். இரண்டிலும் பூவைப் பிரித்துக் காட்டினேன், செதிலைக் காட்டினேன், எல்லாம் ஒன்று. விக்னா அங்குய்குலாட்டா என்ற ஒரே இனத்துக்குள் ஒரு கூட்டத்தைப் பச்சைக் காய்க்காகவும் இன்னொன்றைத் தானியத்துக்காகவும் பொறுக்கியதால் வந்த வித்தியாசம் அது. காயில் அரை மீட்டர் வித்தியாசம் இருந்தும் இனம் ஒன்று. தழும்பு விளிம்பில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், ஆனால் உளுந்தும் பயறும் வேறு இனங்கள்.

இனி அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். எழும்பிய தழும்பு விளிம்பு உளுந்தை ரைஸ் பீனோடு சேர்க்கிறது. முளைக்கும் விதமும் முதல் இலையும் உளுந்தைப் பச்சைப்பயறோடு சேர்க்கின்றன. எதை நம்புவது? நான் செய்தது இது: சண்டை போடும் பண்புகளைத் தனியே எழுதி, அவற்றைத் தவிர மற்ற அடையாளங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்த்தேன். முளை மேலே வருவது, முதல் இலையில் காம்பில்லாதது, காயில் மயிர் இருப்பது எல்லாம் உளுந்தும் பச்சைப்பயறும் ஒன்று என்ற பக்கம் நிற்கின்றன. தழும்பு விளிம்பு மட்டும் தனியாக நிற்கிறது. அப்படியானால் அந்த விளிம்பு இரண்டு கூட்டங்களில் தனித்தனியே வந்திருக்க வேண்டும், அல்லது ஒரு காலத்தில் பரவலாக இருந்து சிலவற்றில் மறைந்திருக்க வேண்டும். மரபணு ஆய்வுகளும் உளுந்தையும் பச்சைப்பயறையும் ஒரே பிரிவில்தான் வைக்கின்றன. கலப்பினச் சேர்க்கையிலும் இது தெரிகிறது: பச்சைப்பயறைத் தாயாகவும் உளுந்தைத் தந்தையாகவும் வைத்தால் கலப்பின விதை பெற முடியும், மாற்றி வைத்தால் பெரும்பாலும் தோற்றுப்போகும். ஆகவே விளிம்பு, உளுந்தையும் பயறையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க அருமையான அடையாளம். கூட்டம் சேர்க்கப் பயன்படாது. ஒரே பண்பு ஒரு வேலைக்கு உதவும், இன்னொரு வேலைக்கு உதவாது.

பெரியப்பாவின் ஒன்பதாம் எண் பை? பச்சை விதை, கறுப்பு விதை இரண்டையும் தனித்தனியே லென்ஸில் பார்த்தேன். இரண்டிலும் எழும்பிய விளிம்பு, நடுவில் குழிவு. முளையில் காம்பில்லாத முதல் இலை. பூ பளிச்சென்ற மஞ்சள். பச்சைப்பயறின் பூவில் இருக்கும் பச்சை கலந்த மங்கல் இல்லை. காய் நிமிர்ந்து, மயிர் அடர்ந்து. சந்தேகமே இல்லை, பச்சை விதை உளுந்துதான். போனில் சொன்னேன். "அதான பார்த்தேன், மாவு ஆட்டுனா பொங்கி வருதேன்னு உங்க பெரியம்மா சொன்னா" என்றார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மஞ்சள் தேமல் வந்த செடியின் இலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், உருவமே மாறியிருக்கும். வெள்ளை ஈ பரப்பும் நோய் அது; உளுந்தையும் பயறையும் சேர்த்தே பிடிக்கும், பார்த்தவுடன் செடியைப் பிடுங்கிவிடுவது நல்லது. ஒரே செடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், ஒவ்வொரு வகையிலும் நாலைந்து செடியாவது இருக்கட்டும். முதல் இலை சீக்கிரம் உதிர்ந்துவிடும், அதனால் முளைக்கும்போதே அளவுகோலைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்துவிடுங்கள். பூவையும் இலையடிச் செதிலையும் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, முதல் சில நாட்கள் தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் நிறம் போனாலும் உருவம் நிற்கும். பக்கத்திலேயே அதன் விதையைச் சின்ன உறையில் போட்டு ஒட்டி, எண்ணையும் விதைத்த தேதியையும் எழுதிவிட வேண்டும். உளுந்தும் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை என்பதால், மாடியில் பக்கம் பக்கமாக வளர்த்தாலும் எடுக்கும் விதை பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அடுத்த பருவத்துக்கு அதையே விதைக்கலாம்.

அவரை, மொச்சை, கொள்ளு மூன்றையும் இதே ட்ரேயில் போட்டிருக்கிறேன். அவரை விதையின் தழும்பில் இருக்கும் நீண்ட வெள்ளைப் பட்டையை இப்போதே லென்ஸில் பார்த்துவிட்டேன், மொச்சையிலும் அதே பட்டைதான். பூ வந்ததும் படகிதழைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.